என் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள்

நம்மூரில் பட்டப்படிப்பின் நடுவில் ஒரு பெண் கல்லூரி மாறினால் தெருவே காரணம் கேட்கும். அப்பாவுக்கு வேலை மாற்றலாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ பிரச்சினையில் டி.சி. கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருப்பவள் யாரும் போகச் சொல்லாமல் பெரிய இடத்தை விட்டுச் சிறிய இடத்துக்குத் தானாகப் போனாள் என்றால் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் கல்லூரி மாறுவது அன்றாடம் நடக்கிற காரியம். ஆனால் அங்கேயும் பலர் சிறியதிலிருந்து பெரியதுக்குத்தான் போவார்கள்: இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் கட்டணம் மிச்சம்பிடித்துப் படித்துவிட்டு, மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேர்வார்கள். நான் எதிர்த்திசையில் போனேன். 2009 ஆகஸ்டில், ஏறத்தாழ 40,000 பேர் படிக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டு, அயோவா மாநிலத்தின் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே 1,600 சொச்சம் மாணவர்கள் படிக்கும் கிரினெல் கல்லூரியில் இரண்டாமாண்டு சேர்ந்தேன். ஒரு மாணவரை எது வளர்க்கிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாற்றத்திலிருந்து தெரிந்ததுதான்.

நான் விட்டுவந்த பல்கலைக்கழகத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசின் நிலத்தை ஒதுக்கியது. அதை விற்ற பணத்தில், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் வேளாண்மையும் பொறியியலும் படிக்கக் கல்லூரி அமைக்கச் சொன்னது. இன்று உலகமே அறிந்த பல அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்தில் பிறந்தவை. நான் படித்ததும் அந்த வம்சம்தான். மதுரையிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கா வந்த எனக்கு, பள்ளி முடித்ததும் குறைந்த கட்டணத்தில் அங்கே இடம் கிடைத்தது பெரிய விஷயம். பல மாடி நூலகம், இரவெல்லாம் விளக்கெரியும் ஆய்வகங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகிற தமிழ் மாணவர்கள் என்று எல்லாம் இருந்தது.

முதலாண்டு உயிரியல் வகுப்பு, படிப்படியாகச் சரிந்து இறங்கும் பெரிய அரங்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்போம். கீழே மேடையில் பேராசிரியர் சட்டைக் காலரில் மைக் செருகிக்கொண்டு பேசுவார். ஆளுக்கொரு சின்ன ரிமோட் வைத்திருப்போம். அவர் கேள்வி போட்டதும் ஏ, பி, சி, டி என்று அழுத்துவோம். எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்று திரையில் பட்டைகள் எழும்பும். தேர்வில் வட்டங்களைப் பென்சிலால் நிரப்புவோம், இயந்திரம் திருத்தும். அந்த ஆண்டு முழுவதும் நான் எழுதிய வாக்கியங்களை உட்கார்ந்து வாசித்தவர், எங்கள் ஆய்வக வகுப்பை நடத்திய முனைவர் பட்ட மாணவி ஒருவர்தான்.

பாடப்புத்தகத்தில் வேர்ப்பூஞ்சைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மைக்கோரைசா என்று பெயர். செடியின் வேருக்குள் நுழைந்து, மண்ணில் மெல்லிய இழைகளைப் பரப்பி, பாஸ்பரசை உறிஞ்சிச் செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்குத் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். உலகத்துத் தாவரங்களில் பெரும்பான்மை இப்படித்தான் வாழ்கின்றன என்று அந்தப் பத்தி முடிந்தது. என் தாத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் வயல் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு போகம் உழுது, நீர் கட்டி, தொளி கலக்கி நடுவார்கள். அப்படி உழுதுகொண்டே இருந்தால் இந்த இழைகள் என்ன ஆகும்? தண்ணீர் நிற்கும் வயலில் பூஞ்சை எப்படிப் பிழைக்கும்? இந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது.

பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் போனேன். அறைக்கு வெளியே நடைபாதையில் நீண்ட வரிசை. பெரும்பாலோர் தேர்வில் விட்டுப்போன மதிப்பெண்ணைக் கேட்க வந்தவர்கள். என் முறை வந்தபோது அவர் கேள்வியை முழுவதும் கேட்டார், முகம் மலர்ந்தது, ஒரு புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார், என் பெயரைக் கேட்டார். அடுத்த வாரம் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போனபோது மறுபடியும் பெயரைக் கேட்டார். நல்ல மனிதர். அத்தனை முகங்களை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அன்று விடுதிக்கு நடக்கும்போது ஒன்று புரிந்தது. நான் அந்தப் புத்தகத்தை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இங்கே எதுவும் மாறப்போவதில்லை. கேள்வி என்னுடையது. அதற்கு நான் என்ன பதில் கொண்டுவருகிறேன் என்று காத்திருக்க யாரும் இல்லை.

இதை ஆய்வக வகுப்பின் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தான் பட்டம் படித்தது சின்னக் கல்லூரி ஒன்றில் என்றும், தன் துறையில் முனைவர் பட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பலர் அப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் என்றும் சொன்னார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெறுவோரில் இந்தக் கல்லூரிகளின் பங்கு, அவற்றின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அங்கே முனைவர் பட்ட மாணவர்களே கிடையாது. அதனால் ஆய்வகத்தில் பேராசிரியருக்குத் துணை நிற்பது இளநிலை மாணவர்கள்தான். "நீ கேட்கும் கேள்விக்கு இங்கே நான்காம் வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அங்கே அடுத்த மாதமே மண்ணைத் தோண்டலாம்" என்றார்.

வீட்டில் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. அவர் மின்னணுப் பொறியாளர். மதுரையில் ஒரு சின்ன வேலையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, குடும்பத்தைக் கடல் கடந்து கொண்டுவந்தவர். யுனிவர்சிட்டியிலிருந்து காலேஜுக்குப் போவது அவருக்கு இறங்கிப் போவதாகத்தான் பட்டது. "நம்ம ஊர்ல யாருக்கும் பேர் தெரியாத காலேஜ். அந்த சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு என்னம்மா செய்வே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்நிய நாட்டில் பிள்ளையை வளர்ப்பவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான் பிடிமானம்.

அவரிடம் நான் ராபர்ட் நாய்ஸின் கதையைச் சொன்னேன். நாய்ஸை அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தொழிலில் இருப்பவர் யாருக்குத் தெரியாது? 1959-இல் சிலிக்கான் தகட்டில் ஒருங்கிணைந்த மின்சுற்றை வடிவமைத்தவர், 1968-இல் கார்டன் மூருடன் இன்டெல்லைத் தொடங்கியவர். அவர் 1949-இல் பட்டம் பெற்றது கிரினெல்லில் என்பது அப்பாவுக்குப் புதிய செய்தி. 1948-இல் பெல் ஆய்வகம் டிரான்சிஸ்டரை உலகுக்கு அறிவித்தபோது, கிரினெல்லில் இயற்பியல் நடத்திய கிராண்ட் கேல் அதை உடனே பிடித்துக்கொண்டார். டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பார்டீன் அவர் குடும்பத்துக்குத் தெரிந்தவர். பெல் ஆய்வகத்தின் தலைவர் ஆலிவர் பக்லி கிரினெல்லில் படித்தவர். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடத்திட்டத்தில் டிரான்சிஸ்டர் நுழைவதற்கு முன்பே, அயோவாவின் ஒரு சின்ன வகுப்பறையில் சில மாணவர்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாய்ஸ் அவர்களில் ஒருவர். அப்பா இதை ஒரு பொறியாளர் கேட்கும் விதத்தில் கேட்டார். யாருக்கு யாரைத் தெரியும், எந்த ஆண்டு என்று விசாரித்தார். கடைசியில், "அந்த வாத்தியார் இல்லேன்னா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் போவதற்குச் சம்மதம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அவர் மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. "எங்க மிஸ் ஒருத்தங்க கட்டுரைய கையில வச்சுக்கிட்டு, இதை நீ நம்பி எழுதுனியா, பரீட்சைக்காக எழுதுனியான்னு கேட்டாங்க. எத்தனை வருஷமாச்சு, இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுதான் இருக்கேன். நீ போ, பாப்பா" என்றார். சமையற்கட்டில் அம்மா சொன்ன அந்த வார்த்தைகளின் எடை எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

பிற்பாடு கிரினெல் நூலகத்தில் கல்லூரியின் வரலாற்றைப் படித்தபோது, அம்மாவின் கல்லூரியும் என்னுடையதும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று கண்டேன். மாசசூசெட்ஸின் ஆண்டோவர் இறையியல் பள்ளியில் படித்த இளம் மதகுருமார் பதினொருவர் 1843-இல் அயோவாவுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு தேவாலயம், எல்லோரும் சேர்ந்து ஒரு கல்லூரி என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கல்லூரி 1846-இல் டேவன்போர்ட்டில் அயோவா கல்லூரியாகத் தொடங்கி, பிறகு கிரினெல்லுக்கு நகர்ந்தது. அதே ஆண்டோவரின் மாணவர்கள் மூட்டிய ஆர்வத்தில்தான் 1810-இல் அமெரிக்க மிஷன் அமைப்பு உருவானது. அதன் ஆட்கள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். அமெரிக்கன் கல்லூரி 1881-இலும் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து லேடி டோக் கல்லூரியும் அந்த வழியில் எழுந்தவை. சின்ன வகுப்பு, ஆசிரியரோடு நேருக்கு நேர் பேச்சு, ஒரு துறைக்குள் அடைபடாத படிப்பு என்ற அதே நம்பிக்கையை ஒரு கூட்டம் மக்காச்சோள நிலத்துக்கும் இன்னொரு கூட்டம் வைகைக் கரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. நான் அந்நியமான இடத்துக்குப் போவதாக நினைத்திருந்தேன். அம்மா முன்பே இருந்த வீட்டின் இன்னொரு அறைக்குத்தான் போயிருக்கிறேன்.

மாறுவதற்கான வேலைகள் நிறைய. பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். படித்த ஒவ்வொரு பாடத்தின் திட்டமும் வேண்டும், வாராவாரம் என்ன நடந்தது, எந்தப் புத்தகம் என்ற விவரத்தோடு. புதிய கல்லூரியின் பதிவாளர் அதைப் பார்த்து எவ்வளவு கிரெடிட் தருவதென்று முடிவு செய்வார். பழைய இடத்தில் பாடங்கள் பெரும்பாலும் மூன்று கிரெடிட், கிரினெல்லில் நான்கு. பட்டத்துக்கு 124 கிரெடிட் வேண்டும். ஆகவே ஓராண்டு படித்து வந்தவருக்கு ஓராண்டு முழுதாகக் கணக்கில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று காகிதத்தில் கட்டம் போட்டுத் திட்டமிட வேண்டும். கட்டணப் பட்டியலைப் பார்த்து மலைத்திருந்த எங்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கிடைத்த உதவித்தொகை வழி திறந்தது. மாற விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை இடம் கிடைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது பரிந்துரைக் கடிதம். என்னை அறிந்த ஆசிரியர்கள் எழுத வேண்டும். அந்தப் பெரிய வளாகத்தில் என்னை அறிந்த ஆசிரியர் யார் என்று ஓரிரவு உட்கார்ந்து யோசித்தேன். நல்ல மதிப்பெண்கள் இருந்தன, ஆனால் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடியவர் ஆய்வக அக்கா ஒருவர்தான். அவர் எழுதினார். நான் போக வேண்டிய காரணம் அந்த ஒற்றைக் கடிதத்திலேயே இருந்தது.

நாங்கள் கிழக்கிலிருந்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போனோம். டேவன்போர்ட்டை நெருங்கும்போது மிசிசிப்பி ஆறு அகலமாகக் குறுக்கே வந்தது. அப்பா காரின் வேகத்தைக் குறைத்து ஆற்றைப் பார்க்கச் சொன்னார். அதற்கு மேற்கே இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும் அடிவானம் வரை. ஆகஸ்ட் வெயிலில் பயிரின் ஈரம் காற்றில் கனத்துக் கிடந்தது. கிரினெல் 9,000 பேர் வாழும் ஊர். கடைத்தெரு மூலையில் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய வங்கி. வாசலுக்கு மேலே பூ விரிந்ததுபோல் சுடுமண் வேலைப்பாடும் வட்டச் சன்னலும். வானளாவிய கட்டடங்களின் முன்னோடியான லூயி சல்லிவன் 1914-இல் அதை வடிவமைத்தார் என்று பலகை சொன்னது. கல்லூரி வளாகத்தின் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. சரக்கு ரயில் வந்தால் வகுப்புக்குப் போகிறவர்கள் நின்று, பெட்டிகள் கடந்து முடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். என் முதல் அறிமுகங்களில் சில அப்படி நின்ற இடத்தில் கிடைத்தவை.

கிரினெல்லில் முதலாண்டின் கருத்தரங்கு வகுப்பு ஒன்றைத் தவிர எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் கிடையாது. எதைப் படிப்பது என்று மாணவரும் ஆலோசகரான பேராசிரியரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். என் ஆலோசகர் முதல் சந்திப்பில் பாடப்பட்டியலை எடுக்கவில்லை. "உன்னை விடாமல் தொந்தரவு செய்கிற கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். வேர்ப்பூஞ்சையையும் தாத்தாவின் வயலையும் சொன்னேன். அவர் தம் நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து எதிரே நடந்து வந்தவர் நின்று, "வயலில் நீர் எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அன்றிரவு மேலூரில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு பேராசிரியர் என் கேள்வியைத் தன்னோடு எடுத்துப்போய், அதைப் பற்றி யோசித்து, என்னிடமே திரும்பக் கொண்டுவந்தது அதுதான் முதல் முறை.

வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு பேர், சிலவற்றில் இருபது. மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் எனக்குப் புதிது. நம் பள்ளிகளில் ஆசிரியர் கேட்டால் தெரிந்த விடையை உடனே சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தலை குனிய வேண்டும். பெரிய அரங்கில் விசையை அழுத்தினால் போதும். இங்கே யாருக்கும் தெரியாத ஒன்றை எல்லோரும் சேர்ந்து யோசிப்பதற்காக அந்த மௌனம். வரலாற்று வகுப்பில் ஒருநாள் வாசித்துவர வேண்டிய பகுதியைப் பற்றி நான் தயங்கித் தயங்கி ஒரு கருத்தைச் சொன்னேன். எதிரே இருந்த மாணவன் அதை மறுத்தான். ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்கிறாய்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவசரமில்லாத, ஆனால் விடாத பார்வை. அந்த இடைவெளியில்தான் நான் யோசிக்கக் கற்றுக்கொண்டேன்.

எழுத்தும் அப்படித்தான். நான் கொடுத்த முதல் கட்டுரை திரும்பி வந்தபோது, ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் என் எழுத்தை நெருக்கிக்கொண்டு நின்றன. இதற்கு ஆதாரம் எங்கே? இந்த இரண்டாம் பத்தியை முதலில் வைத்தால் என்ன? இங்கே நீ அஞ்சி ஒதுங்கிவிட்டாய், தொடர்ந்து போ. கல்லூரியில் எழுத்துக்கூடம் ஒன்று உண்டு. அங்கே இதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் நம்மை உட்காரவைத்து, கட்டுரையை வரிவரியாகச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கிலம் எனக்கு வீட்டு மொழி இல்லை. அதை அவர்கள் குறையாகப் பார்க்கவில்லை. வாசிக்கும்போது நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே யோசனையும் இடறியிருக்கிறது என்று காட்டினார்கள். இன்று தமிழில் எழுதும்போதும் நான் சத்தமாக வாசித்துத்தான் திருத்துகிறேன்.

ஒரு நாள் காய்ச்சலில் வகுப்புக்குப் போகவில்லை. மதியத்துக்குள் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல்: உடம்புக்கு என்ன, இன்றைய விவாதத்தில் உன் பகுதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, வரும் வெள்ளிக்கிழமை நீதான் தொடங்க வேண்டும். அதைப் படித்தபோது மகிழ்ச்சியோடு ஒரு கனமும் வந்தது. அறியப்படுவது இதமான அனுபவம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. அறியப்படுகிறவர் கடமைப்பட்டவராகிறார். வாசிக்காமல் வந்தால் மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். நாம் வராத இடம் காலியாகத் தெரியும். சின்னக் கல்லூரியின் பலம் முழுவதும் இந்தக் கடமையில்தான் இருக்கிறது.

இடையில் சேர்கிறவருக்கென்று ஒரு தனிமை உண்டு. மற்றவர்கள் முதலாண்டிலேயே கூட்டாளிகளைக் கண்டுபிடித்திருப்பார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவர்கள் பழைய சம்பவங்களைச் சொல்லிச் சிரிக்கும்போது நமக்கு அந்தக் கதை தெரியாது. விடுதியில் என் அறைக்கு எதிரே இருந்தவர்கள் அன்பானவர்கள், ஆனாலும் எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்போது பழைய வளாகத்தின் சந்தடியும் தமிழ்ப் பேச்சும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் தமிழ் பேச அப்போது எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அம்மாவோடு போனில் பேசும்போது வேண்டுமென்றே நீட்டிப் பேசுவேன். இது எந்தக் கல்லூரியின் தவறும் இல்லை. நடுவில் வருகிறவர் கொடுக்க வேண்டிய விலை இது, காலம் மட்டுமே அடைக்கக்கூடிய கடன்.

அந்தத் தனிமையை உடைத்தது புல்வெளி. வளாகத்திலிருந்து சில மைல் தொலைவில் கல்லூரிக்குச் சொந்தமான 365 ஏக்கர் இயற்கை ஆய்வு நிலம் இருக்கிறது. அல்லிக் குடும்பத் தாவரங்களையும் பாசிகளையும் ஆராய்ந்த கிரினெல் பேராசிரியர் ஹென்றி கோனார்டின் பெயர் அதற்கு. அயோவாவின் பெரும்பகுதி ஒருகாலத்தில் ஆளுயரப் புல்வெளியாக இருந்தது. அதன் வேர்கள் ஆயிரமாயிரம் ஆண்டு உருவாக்கிய கருமண்ணைக் கிழிக்கப் பழைய கலப்பைகளால் முடியவில்லை. 1837-இல் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை அதைச் செய்தது. ஒரு மனித ஆயுளுக்குள் ஏறத்தாழ முழுதும் உழுது முடித்துவிட்டார்கள். அன்றிருந்த புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. கல்லூரியின் நிலத்தில் உழுத வயல்களை மறுபடி புல்வெளியாக மாற்றி வளர்க்கிறார்கள்.

வசந்தத்தில் அதற்குத் தீ வைப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் காற்றின் திசை பார்த்து, ஈரக் கோடு போட்டு, கையில் நீர்ப்பையோடு சுற்றி நின்று செய்யும் வேலை. தீ மேலே உலர்ந்ததை எரித்து, முளைக்கும் மரக்கன்றுகளைத் தடுக்கிறது. புல்லின் வளர்முனை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. கரிந்த தரையில் சில வாரங்களில் பச்சை எழும்பும். ஆகஸ்டில் பிக் புளூஸ்டெம் என்ற புல் என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும், வேர்கள் அதைவிட ஆழமாகக் கீழே போயிருக்கும். புகை வாசனையோடு வேனில் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே அணியாகிவிட்டோம். என் நெருங்கிய தோழமைகள் அந்த நிலத்தில் தொடங்கியவை.

அடுத்த கோடையில் ஆலோசகரின் வழிகாட்டலில் நானே ஓர் ஆய்வைச் செய்தேன். மூத்த மாணவர்கள் ஒரு பேராசிரியரோடு நேரடியாகச் செய்யும் இத்தகைய ஆய்வுக்குக் கிரினெல்லில் தனி இடம் உண்டு. மக்காச்சோள வயலின் ஓரத்திலும் புல்வெளியாக மீட்ட நிலத்திலும் மண்ணும் வேரும் எடுத்தேன். வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து நிறம் நீக்கி, நீலச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பூஞ்சை நுழைந்த இடங்களை எண்ண வேண்டும். கழுத்து வலிக்கும் வேலை. உழவு அந்த இழைகளை அறுக்கிறது, நீர் நிற்கும் நெல்வயலில் அவை குறைகின்றன என்பதெல்லாம் அறிவியலுக்கு முன்பே தெரிந்தவை. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நீலமாகக் கிளைத்து நின்ற ஓர் இழையை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது, பெரிய அரங்கில் ஒரு பத்தியாக இருந்தது எனக்கு வாழ்க்கைத் தொழிலாக மாறியது. மண்ணுயிரியலில்தான் பிறகு முனைவர் பட்டம் பெற்றேன்.

இழந்தவையும் உண்டு. சின்ன இடத்தில் ஒரு துறைக்குச் சில ஆசிரியர்கள்தான். ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அவர் நடத்தும் பாடம் அந்த ஆண்டு இருக்காது. வேண்டிய புத்தகம் சிலசமயம் வேறு நூலகத்திலிருந்து அஞ்சலில் வர வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் தமிழ்கூடக் கற்றுக்கொடுப்பார்கள், மண்ணியலுக்கென்றே முழுத் துறை இருக்கும். தனக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர், கதவைத் தட்டத் தயங்காதவர், அங்கே எல்லாவற்றையும் பெறுவார். எனக்கு அந்தத் தெளிவும் துணிவும் வரவேண்டியிருந்தது. அவற்றை எனக்குக் கொடுத்தது சின்ன இடம்.

முனைவர் பட்டத்துக்கு மறுபடியும் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முதலாண்டு ஆய்வக வகுப்பொன்றை நடத்தும் பொறுப்பு வந்தது. முதல் வாரத்திலேயே எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்தேன். ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் மதிப்பெண்ணோடு ஒரு கேள்வியை எழுதினேன், அடுத்த வாரம் மேசை மேசையாகப் போய் அதற்குப் பதில் கேட்டேன். நேரம் நிறையப் பிடித்தது. ஆனால் கேள்வி வரும் என்று தெரிந்ததும் அவர்கள் எழுதும் விதம் மாறியது. யாரோ வாசிக்கப்போகிறார் என்று தெரிந்தவர்களின் எழுத்து வேறு மாதிரி இருக்கும். அப்படியானால் நான் கிரினெல்லில் பெற்றதைப் பெரிய இடத்திலும் கொடுக்க முடியும், கொடுக்க ஆள் இருந்தால்.

இப்போது உறவினர்களும் நண்பர்களும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்கும்போது தரவரிசைப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எந்த இடத்தில் இருக்கிறது, யார் யார் வேலைக்கு எடுக்க வருகிறார்கள் என்று கேட்கிறார்கள். அவை வேண்டிய கேள்விகள்தான், என் அப்பாவும் கேட்டார். அவற்றோடு இன்னும் மூன்றைக் கேட்கச் சொல்கிறேன். முதலாண்டில் என் பிள்ளை எழுதுவதை யார் வாசிப்பார்? அவள் ஒரு வகுப்புக்கு வராவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு வருஷம் கழித்து அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடிய ஆசிரியர் அங்கே இருப்பாரா? இந்த மூன்றுக்கும் ஆட்களைச் சுட்டிக்காட்ட முடிகிற கல்லூரி மதுரையில் இருந்தாலும் அயோவாவில் இருந்தாலும், 40,000 பேர் படித்தாலும் 1,600 பேர் படித்தாலும், பிள்ளையை நம்பி அனுப்பலாம். சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் சேர்ந்துவிட்ட பிள்ளை மாற வேண்டும் என்று கேட்டால், அவளைத் தடுக்காதீர்கள்.